பாய்மரம் வளைந்திருக்கிறதா? முதலில் நூலைப் பிடியுங்கள்

மரத்தால் செய்த பாய்மரம் ஒன்றின் அடியில் கண்ணை வைத்து நுனி வரை பாருங்கள். நூல் பிடித்தாற்போல நேராக இருப்பது அபூர்வம். எங்கோ ஒரு இடத்தில் மெல்ல விலகி, மறுபடி திரும்பி வரும். சிறு பாய்ப்படகு ஒன்றைப் புதிதாகக் கையில் எடுத்தவர்கள் இதைப் பார்த்ததும் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்குப் போகிறார்கள். ஒன்று, "மரம் போச்சு, வேறு வாங்கணும்." இன்னொன்று, "மரத்தைப் பிடிச்சு நிறுத்துற கம்பியை இழுத்துக் கட்டினா தானா நேராயிடும்." இரண்டுமே அளந்து பார்க்காமல் எடுக்கிற முடிவுகள். முதலாவதில் நல்ல மரம் ஒன்று வீணாகலாம். இரண்டாவதில் காற்று பலமாக அடிக்கும் ஒரு நாளில் பாய்மரம் தலையில் விழலாம்.

எத்தனை மில்லிமீட்டர் வளைந்திருக்கிறது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. எனக்கு அது கடைசிக் கேள்வி. வளைவு என்ன வடிவில் இருக்கிறது, எந்தத் திசையில் இருக்கிறது, மாறிக்கொண்டே வருகிறதா, அதன் உட்பக்கத்தில் நார்கள் முழுசாக இருக்கின்றனவா என்பதெல்லாம் அதற்கு முன்னால் வர வேண்டும். வளைவு மட்டும் ஒரு பாய்மரத்தைக் கெடுப்பது அரிது. வளைவோடு சேர்ந்து ஒளிந்திருக்கும் சேதம்தான் கெடுக்கிறது.

தொடங்குமுன் மூன்று விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். பாய்மரம் நேராகவே இருந்து, மொத்தமாகப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ சரிந்து நின்றால் அது சாய்வு. பல படகுகளில் பாய்மரத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து நிறுத்துவதுதான் முறை. கம்பிகளின் இழுவையாலும் பாயின் இழுவையாலும் மரம் வில்போல் வளைந்து, இழுவையை விட்டதும் பழையபடி நிமிர்ந்துகொண்டால் அது வேலை செய்யும்போது வரும் வளைவு. இதையும் வேண்டுமென்றேதான் வைக்கிறார்கள். எந்த இழுவையும் இல்லாமல் தரையில் கிடக்கும்போதும் வளைந்தே கிடந்தால் அதுதான் நிரந்தரக் கோட்டம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. வடிவமைப்பாளர் வேண்டுமென்று வைத்த வளைவைக் கோட்டம் என்று நினைத்து நிமிர்த்தப் போகிறவர்களும் உண்டு. படகின் வரைபடமோ, அந்த வகைப் படகுக்கான வகுப்பு விதிகளோ கிடைத்தால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஃபின் என்ற ஒற்றையாள் பாய்ப்படகு இதற்கு நல்ல உதாரணம். ரிக்கார்டு சார்பி 1949இல் வடிவமைத்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலிருந்து பல பத்தாண்டுகள் ஒலிம்பிக்கில் ஓடியது. அதன் பாய்மரத்தைப் பிடிக்கத் தாங்குகம்பி எதுவும் கிடையாது. மரத்தாலான பாய்மரங்கள் இருந்த காலத்தில், தங்கள் உடல் எடைக்கும் பாயின் வெட்டுக்கும் ஏற்ப எங்கே எவ்வளவு வளைய வேண்டும் என்று பார்த்து வீரர்கள் மரத்தை இழைத்து எடுத்தார்கள். அங்கே வளைவுதான் விசை, வளைவுதான் கட்டுப்பாடு.

மரம் ஏன் கோணுகிறது?

முதல் காரணம் ஈரம். மரத்தின் நார்ச்சுவர்கள் குடிக்கக்கூடிய தண்ணீரையெல்லாம் குடித்து முடிக்கும் எல்லை, மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய 28 முதல் 30 சதவீதம். அந்த எல்லைக்குக் கீழே ஈரம் குறையக் குறைய மரம் சுருங்கும், ஏற ஏற உப்பும். பாய்மரத்துக்குப் பேர்போன சிட்கா ஸ்ப்ரூஸ் மரம் பச்சை நிலையிலிருந்து முற்றாகக் காயும்போது ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 7.5 சதவீதமும், மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுமார் 4.3 சதவீதமும் சுருங்குகிறது. நீளவாக்கில் மட்டும் 0.1 முதல் 0.2 சதவீதம்தான். இவ்வளவு சொற்பம் என்றால் அதை விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் பாய்மரத்தைக் கோணவைப்பது அந்தச் சொற்பம்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 6 மீட்டர் நீளம், 70 மில்லிமீட்டர் விட்டம் உள்ள ஒரு திட மரம். அதன் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட வெறும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகச் சுருங்கினால் போதும், நடுவில் 30 மில்லிமீட்டருக்குக் குறையாத வளைவு வந்துவிடும். ஒரு பக்கத்தில் வார்னிஷ் உரிந்து ஈரம் ஏறி, மறுபக்கம் காய்ந்தே இருந்தால் இந்த வித்தியாசம் சுலபமாக வரும். வெயில் ஒரே பக்கம் படும்படி மாதக்கணக்கில் கிடந்தாலும் வரும். இந்த வகை வளைவில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: இருபக்கமும் ஈரம் சமமானால் கோட்டத்தின் பெரும்பகுதி தானாகவே போய்விடும்.

அதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. வளைவின் ஆழம் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. நீளம் பாதியானால் அதே ஈர வித்தியாசத்துக்கு வளைவு கால்பங்குதான். பாய்மரத்தைக் குட்டையாக வைத்து, மேலே இன்னொரு கழியை ஏற்றிப் பாயை விரிக்கும் மிர்ரர் போன்ற சிறு படகுகளில் கோட்டம் அவ்வளவாகத் தொல்லை தராததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் சுமை. மரத்தின் மேல் ஒரு பாரத்தை நெடுநாள் வைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து அந்த வடிவத்துக்கே பழகிவிடும். மேலே நான் சொன்ன 6 மீட்டர் மரத்தை இரண்டு முனைகளில் மட்டும் தாங்கல் கொடுத்துப் படுக்க வைத்தால், தன் சொந்த எடையிலேயே நடுவில் சுமார் 20 மில்லிமீட்டர் தொய்யும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அப்படியே கிடந்தால் அதில் ஒரு பகுதி நிரந்தரமாகிவிடும். ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்போது பாரமும் இருந்தால் இந்தப் பழக்கம் இன்னும் வேகமாக நடக்கும். சுவரில் சாய்த்து வைப்பதும், படகு நிற்கும்போதுகூட ஒரு பக்கக் கம்பியை முறுக்கியே விட்டுவைப்பதும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

மூன்றாவது, மரம் பிறக்கும்போதே கொண்டுவந்த குணம். சரிவில் சாய்ந்து வளர்ந்த ஊசியிலை மரங்களில் சாய்வின் அடிப்பக்கத்தில் ஒருவிதமான கடினக் கட்டை உருவாகிறது. சாதாரணக் கட்டையைவிட இது நீளவாக்கில் பல மடங்கு கூடுதலாகச் சுருங்கும். பாய்மரத்தின் ஒரு ஓரத்தில் இது சிக்கியிருந்தால், எத்தனை முறை நிமிர்த்தினாலும் மழையும் வெயிலும் மாறும்போது மறுபடி கோணும். அகன்ற, மங்கலான, செம்பழுப்பு வளையங்கள் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். நார்கள் திருகாக ஓடும் மரம் வளைவதோடு நிற்காமல் முறுக்கிக்கொள்ளும்.

படகில் நிற்கும்போதே பார்க்க வேண்டியது

பாய்மரத்தைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிட வேலை ஒன்று. கம்பிகளின் இழுவையைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பாய் ஏற்றும் கயிற்றின் மேல் நுனியை ஒரு பக்கக் கம்பி படகில் மாட்டியிருக்கும் இடம் வரை இழுத்து, அந்த நீளத்தில் கயிற்றில் ஒரு குறி போடுங்கள். அதே இழுவையில் மறுபக்கத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்றால் பாய்மரத்தின் தலை படகின் நடுக்கோட்டில் நிற்கிறது. பிறகு பின்னால் நின்று, பாயின் ஓரம் ஏறி இறங்கும் காடியை அடியிலிருந்து நுனிவரை பாருங்கள். தலை நடுவில் இருந்தும் காடி வளைந்து தெரிந்தால் அது வளைவு. காடி நேராக இருந்து தலை மட்டும் விலகியிருந்தால் வெறும் சாய்வு. கம்பிகளைச் சரிசெய்தால் முடிந்தது கதை.

அடுத்து, கம்பிகளை வழக்கமான இழுவைக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். வளைவு குறைகிறதா, அப்படியே இருக்கிறதா, கூடுகிறதா? கூடினால் நிறுத்திவிட்டு மரத்தைக் கீழே இறக்குங்கள். இறக்குவதற்கு இரண்டு பேராவது வேண்டும். தலைக்குமேல் மின்கம்பி ஓடும் இடத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

கீழே இறக்கி அளப்பது

இங்கேதான் ஆரம்பக்காரர்கள் ஏமாறுகிறார்கள். படுத்திருக்கும் மரம் தன் எடையிலேயே தொய்கிறது என்று பார்த்தோம். அந்தத் தொய்வையும் கோட்டத்தையும் சேர்த்து அளந்துவிட்டு, மரம் கெட்டுவிட்டது என்கிறார்கள். இதைத் தவிர்க்க இரண்டு காரியம் செய்ய வேண்டும்.

முதலாவது, தாங்கல்களை முனைகளில் வைக்காமல் உள்ளே தள்ளி வைப்பது. ஒவ்வொரு முனையிலிருந்தும் மொத்த நீளத்தில் 22 சதவீதம் உள்ளே, அதாவது 6 மீட்டர் மரத்துக்குச் சுமார் 1.3 மீட்டர் உள்ளே, தாங்கல் வைத்தால் தொய்வு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டாவது, புவியீர்ப்பு எந்தத் திசையில் இழுக்கிறதோ அந்தத் திசையில் அளக்காமல் இருப்பது. கீழ்நோக்கிய தொய்வு பக்கவாட்டு அளவைத் தொடாது. நூலின் தொய்வும் அப்படியே.

ஆகவே முன்பின் வளைவை அளக்க வேண்டுமானால், காடி பக்கவாட்டில் பார்க்கும்படி மரத்தைப் படுக்க வையுங்கள். இரண்டு முனையிலும் ஒரே தடிமனுள்ள கட்டைத் துண்டுகளைக் காடியின் மேல் வைத்து, அவற்றின் மேல் மெல்லிய மீன்பிடி நரம்பு ஒன்றை விறைப்பாகக் கட்டுங்கள். அரை மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் குறி போட்டு, ஒவ்வொரு குறியிலும் நரம்புக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை எழுதிக்கொள்ளுங்கள். கட்டைத் துண்டு 20 மில்லிமீட்டர், நடுவில் இடைவெளி 48 என்றால் வளைவு 28. காடிப் பக்கத்தையே அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான பாய்மரங்கள் மேலே போகப் போக மெலியும். அந்த மெலிவை முன்பக்கத்திலும் இருபக்கங்களிலும் எடுத்துவிட்டு, காடி இருக்கும் பின்பக்கத்தை மட்டும் நேராக விடுவது வழக்கம். முன்பக்கத்தில் நூல் பிடித்தால் மெலிவையும் வளைவாக எண்ணிவிடுவீர்கள்.

பக்கவாட்டு வளைவுக்கு, காடி மேலே பார்க்கும்படி மரத்தைத் திருப்புங்கள். காடியின் நடுக்கோட்டுக்கு மேலே நரம்பைக் கட்டி, நேர் மேலிருந்து பார்த்து, கோடு எங்கே எவ்வளவு இடமாகவோ வலமாகவோ விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு நேரான சட்டங்களைக் காடிக்குக் குறுக்கே ஒன்று அடியிலும் ஒன்று நுனியிலும் வைத்து, ஒரு சட்டத்தின் மேல்விளிம்பு வழியாக மற்றதைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை.

அளந்ததைப் படிப்பது

எண்கள் கைக்கு வந்ததும் நடு அளவை மட்டும் பார்த்துவிட்டு ஓடாதீர்கள். நடுவில் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மரத்தின் கால்பங்கு நீளத்தில் எவ்வளவு? சீராக வளைந்த மரத்தில் அங்கே நடு அளவில் முக்கால் பங்கு, அதாவது 22 அல்லது 23 இருக்கும். நடுவில் ஒரே இடத்தில் ஒடிந்தாற்போல மடங்கிய மரத்தில் பாதி, அதாவது 15தான் இருக்கும். நடு அளவு இரண்டிலும் ஒன்றே. ஆனால் முதலாவது ஈரத்தாலோ படுக்கை சரியில்லாமலோ வந்தது, இரண்டாவதில் அந்த மடங்கலில் ஏதோ உடைந்திருக்கிறது. இந்த ஒரு எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

இதையே ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தாலும் சோதிக்கலாம். 6 மீட்டரில் 30 மில்லிமீட்டர் சீராக வளைந்த மரத்தின் உட்குழிந்த பக்கத்தில் சட்டத்தை வைத்தால் நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட வராது. எங்காவது 4, 5 மில்லிமீட்டர் தெரிந்தால் வளைவு முழுக்க அங்கேயே குவிந்திருக்கிறது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஆங்கில எழுத்து எஸ் போல இரண்டு திசையில் நெளிந்திருந்தால், ஸ்ப்ரெடர் எனும் குறுக்குக் கைகளோ கம்பிகளோ இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் நெடுநாள் இழுத்திருக்கக்கூடும்.

திசைக்கு வருவோம். நடுப்பகுதி முன்னால் தள்ளிய வளைவு பெரும்பாலும் சமாளிக்கக்கூடியது. பாயின் நடுவிலிருக்கும் குழிவை அது வெளியே இழுத்துப் பாயைத் தட்டையாக்கும். வளைவு பாயின் வெட்டைத் தாண்டிப் போனால், பாயின் பின் கீழ்மூலையிலிருந்து பாய்மரத்தின் நடுவை நோக்கிச் சாய்வான சுருக்கங்கள் ஓடும். பாயே உங்களுக்குச் சொல்லிவிடும். நடுப்பகுதி பின்னால் தள்ளியிருந்தால் எனக்குக் கவலை. பாய் அளவுக்கு மீறி உப்பும், பலத்த காற்றில் அந்தத் திசையிலேயே மேலும் மடங்கப் பார்க்கும். பக்கவாட்டு வளைவோ ஒரு பக்கக் காற்றில் படகை நன்றாக ஓட்டி, மறுபக்கக் காற்றில் திணறடிக்கும். கம்பிகளைச் சமமாக வைத்திருந்தும் இப்படி இரட்டைக் குணம் இருந்தால் பாய்மரத்தைச் சந்தேகப்படலாம்.

எந்த அளவு வரை சரி? எல்லாப் படகுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. கம்பி தாங்கும் 6 மீட்டர் பாய்மரத்தில், சீரான முன்பக்க வளைவு 30 மில்லிமீட்டர் வரை இருந்து, நார்களில் சேதமும் இல்லையென்றால் நான் தயங்காமல் பாய் ஏற்றுவேன். பக்கவாட்டில் 15ஐத் தாண்டினால் காரணம் தேடுவேன். பின்பக்க வளைவு எந்த அளவானாலும் தேடுவேன். ஒரே இடத்தில் மடங்கல் இருந்தால் அளவைப் பற்றிப் பேச்சே இல்லை, சேதம் தேடுவதுதான் வேலை.

இவ்வளவு நம்பிக்கையாகச் சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கம்பிகள் கீழே இழுக்கும்போது பாய்மரம் ஒரு தூண்போல அமுக்கப்படுகிறது. அந்த அமுக்கம் 2,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ எடைக்குச் சமம் என்று வையுங்கள். 30 மில்லிமீட்டர் விலகலில் அது உண்டாக்கும் வளைப்பு 60 நியூட்டன் மீட்டர். 70 மில்லிமீட்டர் திட மரத்தில் இதனால் நார்களுக்கு வரும் கூடுதல் பாரம் சதுர மில்லிமீட்டருக்கு 2 நியூட்டனைத் தொடாது. நன்கு உலர்ந்த, முடிச்சில்லாத சிட்கா ஸ்ப்ரூஸ் நார்வாக்கில் அமுக்கத்தைத் தாங்குவது சுமார் 39. ஆக, கோட்டம் மட்டும் ஆரோக்கியமான மரத்தை ஒடிப்பதில்லை.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஏற்கெனவே வளைந்த தூணை அமுக்கினால் வளைவு பெருகும். தூண் மொத்தமாக மடிந்து விழக்கூடிய சுமையில் பாதியை ஏற்றினால் வளைவு இரட்டிக்கும், முக்கால் பங்கை ஏற்றினால் நான்கு மடங்காகும். தரையில் 30ஆக இருந்தது காற்றில் 120 ஆகும். மெல்லிய பாய்மரத்தைக் கம்பிகளை முறுக்கி நிமிர்த்தப் பார்ப்பது ஆபத்தாவது இதனால்தான். முறுக்கினால் அமுக்கமும் கூடுகிறது, அமுக்கம் வளைவைத் தூண்டுகிறது.

சேதம் தேடுவது

வளைவை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் முன் மரம் முழுவதையும் ஒரு டார்ச்சோடு நடந்து பார்க்க வேண்டும். அவசரப்படக் கூடாத இடம் இது. மரம் இழுவையைத் தாங்கும் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்காது. அதனால் ஒரு பாய்மரம் அளவுக்கு மீறி வளைந்தால் முதலில் விட்டுக்கொடுப்பது உட்குழிந்த பக்கம். அங்கே நார்கள் நசுங்கி, வரிசையாக மடிந்து, மரத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போடும். வெளிப்பக்க நார்கள் அப்போதும் முழுசாக இருப்பதால் மரம் நின்றுகொண்டேயிருக்கும். அடுத்த பலத்த காற்று வரை.

அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க டார்ச்சை மரத்தின் மேல் படுக்கைவாட்டில், கிட்டத்தட்ட மரத்தைத் தொட்டாற்போலப் பிடியுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் வார்னிஷின் மேல் தலைமுடி கனத்தில் ஒரு மேடு நிழல் விழும். நாரோட்டத்துக்குக் குறுக்கே, கொஞ்சம் வளைந்து நெளிந்து, சில நேரம் ஒரு விரல் அகலம், சில நேரம் பாதிச் சுற்று. நகத்தை நீளவாக்கில் இழுத்தால் அந்த இடத்தில் தட்டும். வார்னிஷ் மட்டும் வெடித்திருந்தால் அது எல்லாத் திசையிலும் வலைபோலப் பரவி, சுரண்டினால் செதிலாக உதிரும், கீழே மரம் வழுவழுப்பாக இருக்கும். நார் நசுங்கிய கோடு வார்னிஷைச் சுரண்டி எடுத்த பிறகும் மரத்திலேயே இருக்கும். வெறும் மரத்தின் மேல் கொஞ்சம் ஸ்பிரிட்டைத் துடைத்தால் கோடு சற்று நேரம் கறுத்துத் தெரியும்.

எங்கே தேடுவது? ஸ்ப்ரெடர் பொருத்தியிருக்கும் இடத்தின் மேலும் கீழும், கம்பி மாட்டும் ஆணிகளின் ஓரம், பூம் எனும் பாயின் அடிக்கழி பாய்மரத்தோடு சேரும் இடம், முடிச்சுகளின் பக்கம். கம்பி இல்லாத பாய்மரத்தில் அது தளத்தைத் துளைத்து இறங்கும் இடம்தான் முதல் சந்தேகம்; வளைப்பு உச்சத்தில் இருப்பது அங்கேதான். இப்படி ஒரு கோட்டைப் பார்த்துவிட்டால் அந்தப் பகுதி சுமை தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே பசையைப் பூசி மூடுவது கண்ணுக்கு மட்டும் மருந்து.

நீளவாக்கில் ஓடும் வெடிப்புகளைப் பார்த்து இதே அளவுக்கு பயப்பட வேண்டாம். திட மரம் காயும்போது நார்களுக்கு இடையே வெடிப்பது இயல்பு. அதில் எப்பாக்ஸி எனும் கெட்டிப் பசையை நிரப்பி இறுக்கிவிடுவதைத்தான் நான் எதிர்ப்பேன். ஈரம் ஏறி மரம் உப்பும்போது மூடிக்கொள்ள வேண்டிய வெடிப்பில் ஆப்பு வைத்ததுபோல் ஆகிவிடும், வெடிப்பு இன்னும் உள்ளே போகும். ஆனால் வெடிப்பு எந்தச் சாய்வில் ஓடுகிறது என்று பாருங்கள். அது நாரோட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். 20 செண்டிமீட்டர் நீளத்துக்கு 1 செண்டிமீட்டர் என்ற அளவில் நார் சாய்ந்திருந்தால் வளைப்பைத் தாங்கும் வலு 7 சதவீதம்போலக் குறையும். 10க்கு 1 என்றால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 5க்கு 1 என்றால் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும்.

துண்டுகளை ஒட்டிச் செய்த பாய்மரத்தில் ஒட்டுக்கோடுகளைப் பாருங்கள். மெல்லிய தகடு ஒன்று கோட்டுக்குள் நுழைந்தால் பசை விட்டுவிட்டது. உள்ளே குடைவான மரம் ஒட்டு விட்ட பக்கத்தில் விறைப்பை இழந்து கோணுவதுண்டு. அங்கே கோட்டம் நோய் அல்ல, அறிகுறி.

பிறகு உளுப்பு. அடி உட்காரும் குழி, தளத்தில் இறங்கும் இடம், ஆணிகளும் உலோகத் தகடுகளும் மூடியிருக்கும் இடங்கள், நுனியின் வெட்டுமுகம் ஆகிய நான்கும் தண்ணீர் தங்கும் இடங்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும், உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஆணியைச் சுற்றிக் கறுப்பு படர்ந்திருந்தால் ஆணியைக் கழற்றி, துளைக்குள் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். ஈரப்பத மானி கிடைத்தால் இருபக்கமும் ஒரே உயரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் 13, மறுபக்கம் 19 என்று காட்டினால் கோட்டத்துக்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. எங்கேயாவது தொடர்ந்து 20ஐத் தாண்டியே நின்றால் அங்கே உளுப்பு தொடங்க இடம் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

சேதம் இல்லை, வளைவு சீராக இருக்கிறது என்றால் முதல் வைத்தியம் காத்திருப்பது. பெயர்ந்த வார்னிஷைச் சுரண்டி, நிழலில், காற்று எல்லாப் பக்கமும் படும்படி, நாலைந்து தாங்கல்களை ஒரே மட்டத்தில் வைத்துப் படுக்க விடுங்கள். சில வாரம் கழித்து அதே குறிகளில் மறுபடி அளங்கள். குறைந்திருந்தால் ஈரம்தான் காரணம். இன்னும் விடுங்கள், பிறகு சுற்றிலும் சமமாக வார்னிஷ் பூசுங்கள். மாறவே இல்லையென்றால் வளைவின் புடைத்த பக்கம் மேலே வரும்படி திருப்பி, முனைகளுக்குப் பக்கத்தில் தாங்கி, நடுவில் மிதமான எடை ஒன்றைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் வைக்கலாம். எது கோணவைத்ததோ அதே குணம் நிமிர்த்தவும் உதவும். எடையை எடுத்ததும் ஒரு பகுதி திரும்பிவிடும் என்பதால் நேர்க்கோட்டைச் சற்றே தாண்டும் வரை விடுவது வழக்கம். நசுங்கிய கோடு உள்ள மரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

கம்பி இல்லாத வட்டப் பாய்மரத்துக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. பாயை வளையங்களாலோ கயிற்றாலோ கட்டுகிறீர்கள், மரத்தில் காடி இல்லை என்றால், குழியில் மரத்தைத் திருப்பி, வளைவு முன்னால் வரும்படி நிறுத்தினால் போதும். பக்கவாட்டுத் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

இழைப்புளியால் இழைத்து நேராக்கலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். கை வைக்குமுன் ஒரு கணக்கு: வட்ட மரத்தின் விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கைப் பொறுத்தது. 70 மில்லிமீட்டரைச் சுற்றிலும் வெறும் 2 மில்லிமீட்டர் இழைத்து 66 ஆக்கினால், விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 30 மில்லிமீட்டர் வளைவை இழைத்து எடுப்பதென்றால் பாய்மரமே மிஞ்சாது.

சேதம் ஒரு இடத்தில் மட்டும் என்றால் மொத்த மரத்தையும் தள்ள வேண்டியதில்லை. கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு நீளமுள்ள சாய்வெட்டில் புது மரத்தை ஒட்டுவது படகுத் தச்சர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. 70 மில்லிமீட்டர் மரத்துக்கு அந்தச் சாய்வெட்டு மட்டுமே 84 செண்டிமீட்டர். ஒட்டு ஸ்ப்ரெடர், தளத்துளை போன்ற சுமை குவியும் இடங்களில் வராதபடி தள்ளி வைக்க வேண்டும், புது மரத்தின் ஈரமும் பழைய மரத்தின் ஈரமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். முதல்முறை இதைக் கைதேர்ந்த ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். நசுங்கல் கோடுகள் இரண்டு மூன்று இடங்களில் இருந்தாலோ, நாரோட்டம் முழுநீளமும் சாய்ந்திருந்தாலோ, புதுப் பாய்மரம் செய்துகொள்வதுதான் சரி. பழையதை அளந்த குறிப்புகள், கம்பி மாட்டும் உயரங்கள், காடியின் அகலம் எல்லாவற்றையும் அதை அறுக்குமுன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிது செய்பவருக்கு அவைதான் வரைபடம்.